விதை இறங்காத பையன்: கேன்சர் பயம், குழந்தை பாக்கியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ல குழந்தைங்க சர்ஜரி பக்கம் நர்ஸா வேலை பாக்குறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, சோளிங்கர், அந்தாண்ட சித்தூர் வரைக்கும் இருந்து வர்ற அம்மா அப்பாங்க கேக்குற கேள்வி ஒரு பக்கம், கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷம் கழிச்சு தனியா வந்து குரலை இறக்கி கேக்குற பசங்க கேள்வி இன்னொரு பக்கம். ரெண்டுமே ஒரே விஷயத்தைப் பத்தினதுதான், அதனால சேத்து எழுதிட்டேன். வெக்கப்பட்டு பாதியில மூடிடாம முழுசா படிங்க, முக்கியமா ஆம்பளப் புள்ளைய பெத்தவங்க.

விதை இறங்கலன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

பையன் அம்மா வயித்துல இருக்கும்போது விதை ரெண்டும் அவன் வயித்துக்குள்ளதான், கிட்னிக்குப் பக்கத்துல உருவாகுது. ஏழாவது மாசம் வாக்குல தொடை இடுக்கு வழியா கீழ இறங்கி விதைப் பைக்குள்ள வந்து உக்காரணும். நிறைமாசத்துல பொறக்குற பசங்கள்ல நூத்துக்கு சுமார் 3 பேருக்கு ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ வந்து சேராம இருக்கும், குறைமாசத்துல பொறந்த பசங்கள்ல நூத்துக்கு 30 பேர் வரைக்கும் இப்படி இருக்கும், ஏன்னா இறங்குறதுக்கு முன்னாடியே பொறந்துட்டாங்க. பொறந்த பிறகும் முதல் 3 மாசத்துல பல பேருக்கு தானா இறங்கிடும். ஆறு மாசம் தாண்டிட்டா அப்புறம் தானா இறங்குறது அபூர்வம். ஒரு வயசுல பாத்தா நூத்துக்கு ஒருத்தனுக்குத்தான் மீதி இருக்கும்.

கர்ப்பமா இருக்கும்போது பப்பாளி சாப்பிட்டேன், கிரகணத்துல வெளிய வந்தேன், அதனாலயான்னு அழற அம்மாங்கள நான் பாத்திருக்கேன். இல்லம்மா, அதனால இல்ல. குறைமாசம், எடை கம்மி, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதே மாதிரி இருந்தது, இதெல்லாம் காரணமா இருக்கலாம், பல பேருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுலயே நான் பாத்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வெந்நீர்ல குளிப்பாட்டி முடிச்ச உடனே பாருங்க. குளிர்ல பாத்தா விதை மேல ஓடிப் போயிடும், ஏமாந்துடுவீங்க. கையை நல்லா தேச்சு சூடு பண்ணிக்கோங்க, புள்ளைய மல்லாக்க படுக்க வெச்சு முட்டிய மடக்கி ரெண்டு தொடையையும் விரிச்சு விடுங்க. பால் குடிச்சிட்டு அமைதியா இருக்கிற நேரமா இருக்கட்டும். மொதல்ல தொடாம பாருங்க: பையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருக்கம் விழுந்து நெறஞ்சு இருக்கா, இல்ல ஒரு பக்கம் தட்டையா வழுவழுன்னு இருக்கா. அப்புறம் இடுப்பு எலும்புப் பக்கத்துல இருந்து தொடை இடுக்கு வழியா விரலை மெதுவா கீழ நோக்கி நகர்த்திட்டு வாங்க, இன்னொரு கையால பைக்கு மேல லேசா பிடிச்சுக்கோங்க. சின்ன மொச்சக்கொட்டை சைஸ்ல ஒண்ணு வழுக்கிட்டு கீழ வரணும். வரலன்னா அமுக்கித் தேடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

பொறந்த உடனே ரெண்டு பக்கமும் கையில தட்டுப்படலன்னா, அதுவும் ஒண்ணுக்கு போற ஓட்டை நுனியில இல்லாம அடியில இருந்தா, அது 6 மாசம் காத்திருக்கிற கேஸ் இல்ல. டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டர் பாத்து ஹார்மோன் டெஸ்ட் எடுத்தாகணும், சில சமயம் அது உயிருக்கே ஆபத்தான உப்புச்சத்துக் குறைபாட்டோட சேந்து வரும்.

சில நேரம் இருக்கு, சில நேரம் காணோம். இது என்ன?

அநேகமா அது ஓடி விளையாடுற விதை. விதையைத் தூக்குற தசை பசங்களுக்கு ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும், குளிர்ந்தாலோ பயந்தாலோ சட்டுனு மேல இழுத்துக்கும். டாக்டர் கையால கீழ கொண்டு வந்து விட்டா கொஞ்ச நேரம் பையிலயே நிக்கும். அப்படி நின்னா ஆபரேஷன் வேண்டாம், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிட்டே இருக்கணும், ஏன்னா சில பசங்களுக்கு 7, 8 வயசு வாக்குல உயரம் கூடும்போது அது மேலயே தங்கிடுது. "பொறந்தப்போ ரெண்டும் இருந்துச்சு சார், இப்ப காணோம்"னு சொல்ற அம்மா பொய் சொல்லல, அது நிஜமாவே நடக்கிற விஷயம்.

எங்க ஆயா எண்ணெய் போட்டு உருவி விட்டா இறங்கிடும்னு சொல்றாங்க?

வேணாம். எண்ணெய் தேச்சு குளிப்பாட்டுறது நல்லதுதான், ஆனா அந்த இடத்துல உருவுறதால எதுவும் இறங்காது. உள்ள இருக்கிற ரத்தக்குழாய் நூல் கணக்கா இருக்கும், அதை அமுக்கினா விதைக்குத்தான் சேதம். ஆயாகிட்ட கோவப்படாம சொல்லுங்க, அவங்க காலத்துல வேற வழி இல்ல.

"பெரியவனாகட்டும், 5 வயசுல பாத்துக்கலாம்"னு பக்கத்து கிளினிக்ல சொன்னாங்க. காத்திருக்கலாமா?

காத்திருக்காதீங்க. இந்தப் பக்கம் எழுதினதுக்கே இந்த ஒரு கேள்வி போதும். முன்னாடி அப்படி சொன்ன காலம் இருந்துச்சு, இப்ப உலகம் முழுக்க சர்ஜனுங்க சொல்றது 6 மாசத்துல குழந்தை சர்ஜன்கிட்ட காட்டிடணும், 6 மாசத்துல இருந்து 18 மாசத்துக்குள்ள, முடிஞ்சா ஒரு வயசு வாக்குல, ஆபரேஷன் முடிச்சிடணும். குறைமாசக் குழந்தைக்கு, பொறந்த தேதியில இருந்து கணக்குப் போடாம, பொறக்க வேண்டியிருந்த தேதியில இருந்து கணக்குப் போடணும்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, பை உடம்புக்கு வெளிய தொங்குறதே குளிர்ச்சிக்காகத்தான். உள்ள 37 டிகிரி, பையில அதை விட 2 இருந்து 4 டிகிரி கம்மி. பிற்காலத்துல விந்தணுவா மாறப் போற மூல அணுக்கள் பொறந்த 3 மாசத்துல இருந்து ஒரு மாற்றத்துக்கு உள்ளாகணும், வயித்துச் சூட்டுல இருந்தா அந்த மாற்றம் சரியா நடக்காது, ஒரு வயசு தாண்டத் தாண்ட அந்த அணுக்கள் குறைஞ்சுகிட்டே போகுது. போனது திரும்ப வராது. 5 வயசுல இறக்கினாலும் விதை பையில இருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருந்த சரக்குல ஒரு பங்கு ஏற்கனவே போயிருக்கும். வெளியில தெரியாத நஷ்டம்ங்கிறதாலதான் யாரும் பதறுறதில்ல.

ஸ்கேன் எடுத்துட்டு வரணுமா?

பல பேர் ரெண்டு மூணு ஸ்கேன் ரிப்போர்ட்டோட வராங்க, அதுக்குள்ள மாசம் ஓடிடுது. அனுபவம் உள்ள டாக்டர் கை பாக்குறதுதான் பெரிய டெஸ்ட், 10 பேர்ல 8 பேருக்கு தொடை இடுக்குலயோ பைக்கு மேலயோ கையிலயே தட்டுப்படும். தட்டுப்படாத மீதி பேருக்கு அல்ட்ராசவுண்டு "இல்லை"ன்னு சொன்னாலும் அதை நம்பி விட முடியாது, வயித்துக்குள்ள இருக்கிற விதை ஸ்கேன்ல தப்பிச்சிடும். அவங்களுக்கு தொப்புள் வழியா கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பில பாக்குறதுதான் முடிவான பதில். அதனால ஸ்கேனுக்கு காசும் நாளும் செலவு பண்றதுக்கு முன்னாடி சர்ஜனைப் பாருங்க.

ஊசி போட்டு இறக்க முடியாதா?

ஹார்மோன் ஊசி போடுற பழக்கம் இருந்துச்சு. ஐந்துல ஒருத்தனுக்கு இறங்கினா பெருசு, அதுலயும் சிலது திரும்ப மேல போயிடும். அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு சிகிச்சை) சங்கம் 2014-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இந்த ஊசி வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஆபரேஷன்ல என்ன பண்ணுவாங்க? பச்சப் புள்ள தாங்குமா?

தாங்கும். தொடை இடுக்கு மடிப்புல சின்னதா ஒரு கீறல், விதையையும் அதோட ரத்தக்குழாயையும் சுத்தி இருக்கிற ஒட்டல்ல இருந்து மெல்ல பிரிச்சு நீளம் எடுத்து, பையில தோலுக்கு அடியில ஒரு சின்ன அறை மாதிரி பண்ணி அதுல வெச்சு தைச்சிடுவாங்க. இறங்காத விதையோட பெரும்பாலும் குடலிறக்கத்துக்கான பையும் சேந்தே இருக்கும், அதையும் அப்பவே கட்டிடுவாங்க. மயக்கம் குடுத்துத்தான் பண்ணுவாங்க, வலி தெரியாம இருக்க இடுப்புக்குக் கீழ மரத்துப்போற ஊசியும் போடுவாங்க. நிறைய பேர் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடுறாங்க. தையல் தானா கரைஞ்சிடும்.

விதை வயித்துக்குள்ள ரொம்ப மேல இருந்தா ரத்தக்குழாய் எட்டாது, அப்போ ரெண்டு கட்டமா பண்ணுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல சில மாசம் இடைவெளி. சில சமயம் உள்ள போய் பாத்தா வத்திப்போன ஒரு துணுக்குதான் இருக்கும், அதை எடுத்துடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் சில வாரத்துக்கு நடைவண்டி, மூணு சக்கர சைக்கிள், இடுப்புல காலை விரிச்சு உக்கார வெச்சு தூக்குறது, இதெல்லாம் கூடாது. காய்ச்சல், பை செவந்து வீங்கறது, சீழ் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க.

ஆபரேஷனுக்கு நாள் குறிச்சு காத்திருக்கும்போது திடீர்னு தொடை இடுக்குல வீங்கி, புள்ள வீறிட்டு அழுது வாந்தி எடுத்தா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு வாங்க, ராத்திரியா இருந்தாலும். குடல் மாட்டியிருக்கலாம், இல்ல விதை முறுக்கிட்டு இருக்கலாம். முறுக்கினா 6 மணி நேரத்துக்குள்ள பிரிச்சாத்தான் காப்பாத்த முடியும்.

கேன்சர் வருமா? நெட்ல படிச்சு தூக்கமே வரல.

பயப்படுறது நியாயம்தான், ஆனா எந்த அளவுக்கு பயப்படணும்னு நம்பரை பாத்து முடிவு பண்ணலாம். விதைக் கேன்சர் நம்ம நாட்டுல ரொம்பக் கம்மி, வருஷத்துக்கு லட்சம் ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்கும் குறைவு. விதை இறங்காம இருந்தவங்களுக்கு இது சில மடங்கு கூடும். சில மடங்குன்னா பெருசா கேக்குது, ஆனா ரொம்பச் சின்ன நம்பரை சில மடங்கு பண்ணினாலும் சின்ன நம்பர்தான்.

ஸ்வீடன்ல ஒரு பெரிய ஆராய்ச்சி, 2007-ல வெளிவந்துச்சு. இறங்காத விதைக்கு ஆபரேஷன் பண்ணின 16,983 ஆம்பளைங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க. அதுல விதைக் கேன்சர் வந்தது 56 பேருக்கு. இத்தனைக்கும் நம்மூர விட அங்க இந்தக் கேன்சர் பல மடங்கு அதிகம். ஆனா அதுக்குள்ள இன்னொரு விஷயம் இருந்துச்சு, 13 வயசுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆனவங்களுக்கு சாதாரண ஜனங்களை விட 2.23 மடங்கு, 13 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்களுக்கு 5.4 மடங்கு. வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி இறக்குறதுக்கும் அப்புறம் இறக்குறதுக்கும் அவ்ளோ வித்தியாசம்.

வயித்துக்குள்ளயே தங்கினதுக்கு ஆபத்து இன்னும் அதிகம், அதோட அங்க கட்டி வந்தா கைக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் இறங்காம இருந்தவனுக்கு ஒழுங்கா இருந்த இன்னொரு விதையிலயும் லேசா கூடுதல் ஆபத்து இருக்குன்னு பல ஆராய்ச்சிகள் சொல்லுது. அண்ணன் தம்பிக்கோ அப்பாவுக்கோ விதைக் கேன்சர் வந்திருந்தா இன்னும் கவனமா இருக்கணும்.

சரி, ஆபரேஷன் பண்ணிட்டோம். இனிமே கவலை இல்லைதானே?

இங்கதான் எல்லாரும் விட்டுடுறாங்க. ஆபரேஷன் கேன்சர் ஆபத்தை குறைக்குது, முழுசா எடுத்துடாது. ஆனா விதை பையில வந்துட்டதால, பிற்காலத்துல ஏதாவது கட்டி வந்தா கையிலயே தெரியும், அதுவே பெரிய லாபம். அந்த லாபம் கிடைக்கணும்னா தடவிப் பாக்க வேண்டியவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா. விதைக் கேன்சர் பெரும்பாலும் 15 வயசுல இருந்து 40 வயசுக்குள்ள வருது, அப்போ அவன் காலேஜ்லயோ, பெங்களூர்ல வேலையிலயோ இருப்பான், அம்மா குளிப்பாட்டுற வயசு தாண்டியிருக்கும். ஒரு வயசுல நடந்த ஆபரேஷன் அவனுக்கு ஞாபகமே இருக்காது. தொடை இடுக்குல ஒரு தழும்பு எதுக்குன்னு தெரியாமலே கல்யாணம் வரைக்கும் வந்து நிக்கிற பசங்க நிறைய பேர். கேட்டா "சின்ன வயசுல ஏதோ கட்டி எடுத்தாங்களாம் சிஸ்டர்"ங்கிறான். அம்மா அப்பா அவன் நல்லதுக்குன்னு நெனச்சுதான் மறைக்கிறாங்க, ஆனா அவன் உடம்பைப் பத்தி அவனுக்கே தெரியாம வெக்கிறது எந்த விதத்துலயும் நல்லது இல்ல.

எப்படி தடவிப் பாக்கணும், எதைத் தேடணும்?

மாசத்துக்கு ஒரு தடவை, குளிச்ச பிறகு, ரெண்டு கையாலயும். கட்டைவிரல் மேல, மத்த விரல் அடியில வெச்சு விதையை மெதுவா உருட்டிப் பாக்கணும். பின்பக்கம் மெத்துனு கயிறு மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அது விந்து போற குழாய், எல்லாருக்கும் இருக்கு, அதைப் பாத்து பயந்துடாதீங்க. ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா இருக்கிறதும் சகஜம், ஆபரேஷன் ஆன பக்கம் கொஞ்சம் சின்னதாவே இருக்கும். தேட வேண்டியது, விதையோட ஒட்டி கெட்டியா ஒரு பட்டாணி மாதிரி வலியில்லாத கட்டி, போன மாசத்தை விட பெருசானது, பை கனமா இழுக்குறது, மார்பு வீங்கறது. வலி இல்லையேன்னு விட்டுடக் கூடாது, இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் யானைக்கால் நோய் ரொம்ப காலமா இருந்த ஊருங்க, பை வீங்கினா "ஓதம்"னு சொல்லி துண்டால கட்டிட்டு வேலைக்குப் போற பழக்கம் தாத்தா காலத்துல இருந்து இருக்கு. முக்காவாசி நிஜமாவே தண்ணி கட்டினதுதான். ஆனா வாலிப வயசுப் பையனுக்கு வீங்கினா ஓதம்னு வீட்டுலயே முடிவு பண்ணாதீங்க, பைக்கு ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்தா ரெண்டும் தெளிவா தெரிஞ்சிடும். ஸ்கேன் வேணாம்னு மேல சொன்னது குழந்தைக்கு, பெரியவங்க வீக்கத்துக்கு ஸ்கேன் கட்டாயம் வேணும்.

குழந்தை பிறக்குமா பிறக்காதா, நேரா சொல்லுங்க.

ஒரு பக்கம் மட்டும் இறங்காம இருந்து ஆபரேஷன் ஆயிருந்தா கிட்டத்தட்ட எல்லாரையும் போலத்தான். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இப்படி ஆபரேஷன் ஆன பசங்க பெரியவங்களான பிறகு பாத்ததுல, ஒரு பக்கக் கேஸ்ல 100-க்கு சுமார் 90 பேர் அப்பா ஆயிருந்தாங்க, எந்தப் பிரச்சனையும் இல்லாதவங்கள்ல 93, 94 பேர். ரெண்டு பக்கமும் இருந்தவங்கள்லதான் அடி, 100-க்கு 65 பேர் வாக்குல. ரெண்டு பக்கமும் இறங்காம அப்படியே விட்டுட்டவங்களுக்கு விந்தணு இல்லாமலே போயிடுறதுதான் பெரும்பாலும் நடக்குது. அதனால ரெண்டு பக்கக் கேஸ்னா ஒரு மாசம் கூட தள்ளிப் போடாதீங்க.

தாடி மீசை, குரல், தாம்பத்தியம் இதெல்லாம் வேற கணக்கு. அதுக்கான ஹார்மோன் ஒரு நல்ல விதை இருந்தாலே போதுமான அளவு வந்துடும். "ஒத்த விதைக்காரன்"னு சின்ன வயசுல கிண்டல் பண்ணினதை மனசுல வெச்சுகிட்டு கல்யாணமே வேணாம்னு சொன்ன ஒரு பையன் இருந்தான், விந்து டெஸ்ட்ல விந்தணு கவுண்ட் நல்லா இருந்துச்சு.

கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தை இல்ல. எனக்கு சின்ன வயசுல இந்த ஆபரேஷன் நடந்திருக்கு. யாரு மொதல்ல டெஸ்ட் எடுக்கணும்?

நீங்க. சேந்து வாழ்ந்தும் ஒரு வருஷத்துல நிக்கலன்னா ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கணும்னுதான் பொதுவா சொல்வாங்க, இந்த ஆபரேஷன் நடந்த ஆளு ஒரு வருஷம் கூட காத்திருக்க வேண்டியதில்ல. பாதிக்குப் பாதி கேஸ்ல ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது, பொண்ணுக்கு ரத்தம், ஸ்கேன், கர்ப்பப்பைக் குழாய்க்கு மருந்து விட்டு எக்ஸ்ரே, கோயில் கோயிலா தொட்டில் கட்டுறது, எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியில அரை மனசோட அவன் ஒரு டப்பா வாங்குறான். சில நூறு ரூபாயில முடியுற டெஸ்டை கடைசிக்கு வெச்சுட்டு அந்தப் பொண்ணை வருஷக்கணக்கா வதைக்கிறது எனக்கு தாங்க முடியாத விஷயம்.

டெஸ்டுக்கு முன்னாடி 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருக்கணும். லேப்ல குடுக்குற டப்பாவிலதான் எடுக்கணும், வீட்டுல இருக்கிற டப்பாவோ காண்டமோ வேண்டாம், எச்சில், எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. மொதல்ல வர்ற சொட்டுலதான் விந்தணு அதிகம், அது கீழ சிந்திடுச்சுன்னா வெக்கப்படாம டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா ரிப்போர்ட் தப்பா வரும். வீட்டுல இருந்து கொண்டு வந்தா சட்டைக்குள்ள உடம்புச் சூட்டுல வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், காட்பாடி டிராஃபிக்ல மாட்டிக்கிற தூரம்னா லேப்லயே எடுத்துடுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குப்படி ஒரு மில்லியில 1 கோடியே 60 லட்சம் அணுங்கிறது கீழ்மட்ட அளவு. ஒரு ரிப்போர்ட்டை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, சில வாரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. நடுவுல காய்ச்சல் வந்திருந்தா 3 மாசம் கழிச்சு எடுங்க, விந்தணு உருவாகி வெளிய வர ஏறக்குறைய அவ்ளோ காலம் ஆகும்.

கவுண்ட் சீரோன்னு வந்துடுச்சு. அவ்வளவுதானா?

அவ்வளவுதான்னு யாரும் சொல்ல முடியாது. எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன்னு ஹார்மோன் ரத்த டெஸ்ட், பைக்கு ஸ்கேன், தேவைப்பட்டா குரோமோசோம் டெஸ்ட் எடுப்பாங்க. சின்ன வயசுல விதை இறக்கின ஆபரேஷன் ஆனவங்களுக்கு விந்துல அணு இல்லன்னாலும் விதைக்குள்ள அங்கங்க கொஞ்சம் உற்பத்தி நடந்துட்டு இருக்கலாம். மைக்ரோஸ்கோப் வெச்சு விதையைத் திறந்து தேடி எடுக்கிற மைக்ரோ டீசி ஆபரேஷன்ல இவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அணு கிடைக்குது, சீரோ கவுண்ட்டுக்கு வேற காரணம் உள்ளவங்களை விட இவங்களுக்கு வாய்ப்பு நல்லாவே இருக்கு. கிடைச்ச ஒரே அணுவை முட்டைக்குள்ள ஊசியால செலுத்துற இக்ஸி முறை 1992-ல பெல்ஜியத்துல இருந்து உலகத்துக்கு வந்துச்சு. செலவு லட்சத்துலதான் போகும், எல்லாருக்கும் குழந்தை உறுதின்னு கிடையாது, அதை முன்னாடியே தெரிஞ்சுகிட்டு இறங்குங்க.

ஒரு எச்சரிக்கை. ஜிம்ல சொன்னாங்கன்னோ, ஆண்மை கூடும்னோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்காதீங்க. வெளியில இருந்து அந்த ஹார்மோன் போனா மூளை விதைக்கு குடுக்குற உத்தரவை நிறுத்திடும், இருக்கிற உற்பத்தியும் படுத்துடும். பஸ் ஸ்டாண்டு சுவர்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸ் லேகியத்துலயும் என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

எனக்கு 26 வயசு. ஒரு பக்கம் இல்லவே இல்லைன்னு இப்பத்தான் கவனிச்சேன்.

யூராலஜிஸ்ட்டை பாருங்க, அடுத்த வாரமே. வயசுக்கு வந்த பிறகு கீழ இறக்குறதால அந்த விதையில இருந்து விந்தணு கிடைக்கிறது அபூர்வம், கேன்சர் ஆபத்து மட்டும் மிச்சம் இருக்கும். அதனால இன்னொரு பக்கம் நல்லா இருந்தா, இறங்காத விதையை எடுத்துடுறதுதான் பெரும்பாலும் டாக்டருங்க சொல்ற வழி. ரெண்டு பக்கமும் இறங்கலன்னா ரெண்டையும் எடுத்தா ஹார்மோனும் போயிடும், அதனால அங்க ஆளைப் பாத்து வேற மாதிரி முடிவு எடுப்பாங்க. எந்த ஆபரேஷனுக்கும் முன்னாடி விந்து டெஸ்ட் எடுத்துடுங்க. வெறுமையா தெரியுதேன்னு மனசு கஷ்டப்பட்டா சிலிக்கான் விதை வெக்கலாம், கேக்குறதுல தப்பே இல்ல.

பொண்ணு வீட்டுல சொல்லணுமான்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கக் கேஸ்னா, இல்ல கவுண்ட் கம்மின்னு தெரிஞ்சிருந்தா, கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட நேரா சொல்லிடுங்க. ஊருக்கே சொல்ல வேணாம், அவகிட்ட மட்டும்.

கட்டி கேன்சர்தான்னு சொல்லிட்டாங்க.

தைரியமா இருங்க, குணமாகுற கேன்சர்கள்ல இது முன் வரிசை. சீக்கிரமே பிடிச்சா 100-க்கு 95 பேருக்கு மேல பொழைக்கிறாங்க. ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு மூணு ரத்த டெஸ்ட், வயித்துக்கும் மார்புக்கும் சிடி ஸ்கேன் எடுப்பாங்க. தொடை இடுக்கு வழியாத்தான் விதையை எடுக்கணும், பைத் தோல்ல ஊசி குத்தி சதை எடுத்துப் பாக்குறது கூடாது, யாராவது அப்படிச் சொன்னா வேற டாக்டர்கிட்ட கேளுங்க. பரவியிருந்தாலும் கீமோவுக்கு நல்லா அடங்கும், 1974-ல அமெரிக்காவுல லாரன்ஸ் ஐன்ஹார்ன்ங்கிற டாக்டர் சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்தை சேத்துக் குடுத்ததுல இருந்து இந்த நோயோட தலையெழுத்தே மாறிடுச்சு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல நுரையீரல், மூளை வரைக்கும் போயிருந்தும் குணமானாரு.

கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விந்து சேமிச்சு வெக்கணும்னு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க. அவசரத்துல அதை எல்லாரும் மறந்துடுறாங்க. ஆம்ஸ்ட்ராங்குக்கு முதல் மூணு குழந்தையும் அப்படி சேமிச்சதுல பொறந்ததுதான்.

தோல் ஷெட்டுல, பாய்லர் பக்கத்துல வேலை. அதனால பாதிக்குமா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பசங்க இதை கட்டாயம் கேப்பாங்க. தொடர்ந்து சூட்டுல நிக்கிறது விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், பீடி சிகரெட்டும் அப்படித்தான். ஏற்கனவே ஒரு விதைதான் ஒழுங்கா வேலை செய்யுதுன்னா அதைக் காப்பாத்திக்கணும் இல்லையா. சூப்பர்வைசர்கிட்ட பேசி வேற செக்‌ஷன் மாத்திக்க முடிஞ்சா மாத்திக்கோங்க, இறுக்கமான ஜட்டி வேணாம், மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ஆனா விதை இறங்காததுக்கு இது காரணம் இல்ல.

எங்க காட்டுறது, செலவு எவ்ளோ ஆகும்?

அடுக்கம்பாறை ஜிஎச்-ல காட்டலாம், சிஎம்சி-யில குழந்தைங்க சர்ஜரி, யூராலஜி, குழந்தையின்மை சிகிச்சை எல்லாம் தனித்தனி பிரிவா இருக்கு. சென்னை போக முடிஞ்சவங்க எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி போகலாம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வெச்சுக்கோங்க, எந்த ஆபரேஷனுக்கு எவ்ளோ கிடைக்கும்னு ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுண்டர்லயே சொல்லிடுவாங்க. வரும்போது பொறந்த ஆஸ்பத்திரி சீட்டு, எத்தனை மாசத்துல பொறந்தான், தடுப்பூசி அட்டை, எடை எல்லாம் எடுத்துட்டு வாங்க.

பையன்கிட்ட எப்போ, எப்படி சொல்றது?

5, 6 வயசுல தழும்பைப் பாத்து அவனே கேப்பான். "உனக்கு விதை மேல இருந்துச்சு, டாக்டர் கீழ இறக்கி வெச்சாரு, இப்ப சரியாயிடுச்சு" போதும், அதுக்கு மேல அந்த வயசுக்கு தேவையில்ல. 13, 14 வயசுல அப்பாவோ மாமாவோ யார்கிட்ட அவன் சகஜமா பேசுவானோ அவங்க உக்காந்து முழுசா சொல்லணும்: எந்தப் பக்கம், எந்த வயசுல ஆபரேஷன், மாசத்துக்கு ஒரு தடவை எப்படி தடவிப் பாக்கணும், கட்டி தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுல சொல்லணும், கபடி, கிரிக்கெட் ஆடும்போது விதையில அடிபடாம இருக்க கார்டு போட்டுக்கணும். கேன்சர்ங்கிற வார்த்தையை மறைக்க வேணாம், வர்றது அபூர்வம்னு சேத்துச் சொல்லுங்க. அப்பா இல்லாத வீடா இருந்தா அம்மாவே சொல்லலாம், ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்ல. அதுவும் முடியலன்னா ஓபிக்கு கூட்டிட்டு வாங்க, நாங்க சொல்றோம்.

டிஸ்சார்ஜ் சீட்டை ஆதார், ரேஷன் கார்டோட ஒரே கவர்ல வெச்சிருங்க, போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வெச்சு, அவன் முதல் போன் வாங்கினதும் அவனுக்கே அனுப்பிடுங்க. சீட்டு தொலைஞ்சிருந்தா ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியோட ரெக்கார்டு செக்‌ஷன்ல பேரும் வருஷமும் குடுத்து நகல் கேளுங்க, ரொம்ப பழசா இருந்தா கிடைக்காது, அப்போ உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை ஒரு பேப்பர்ல எழுதி அதே கவர்ல போட்டுடுங்க.